கைச்செருப்பும் மாடிப்படியும்

பிறர் குறைகளை எழுதிக் கொடுப்பது என் தொழில். திங்கட்கிழமைதோறும் பெரம்பலூரில் மனு கொடுக்க வருகிறவர்களுக்காக, சாலையோரத்து வேப்பமரத்தடியில் என் மூன்று சக்கர வண்டியை நிறுத்தி, அதன் இருக்கையில் அமர்ந்தபடியே, மடியில் அட்டையை வைத்து எழுதித் தருகிறேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, பாதையை மறித்து வேலி போட்டவர் மீது புகார் என்று எத்தனையோ பேரின் துன்பங்களை "மேற்படி", "ஆகவே", "பணிவுடன்" ஆகிய சொற்களுக்குள் அடக்கிக் கொடுத்திருக்கிறேன். பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆறாம் வகுப்பு மாடியில் நடந்தது. அதன்பின் எனக்கு வாய்த்த ஆசிரியர்கள் பழைய செய்தித்தாள்களும் அட்டை கிழிந்த ஓர் அகராதியும்தாம். இதை இரக்கம் வேண்டிச் சொல்லவில்லை. கோபத்தோடு எழுதப் புகும் ஒருவன், தான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுவது முறை.

மூன்று வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் என் இரு கால்களின் வலிமையையும் எடுத்துக்கொண்டது. அன்று முதல் கைகளே கால்களாயின. தரையில் அமர்ந்து, இரு உள்ளங்கைகளையும் ஊன்றி, இடுப்பைத் தூக்கி ஒரு முழம் முன்னே வைப்பேன். மறுபடி ஊன்றி, மறுபடி தூக்கி, மறுபடி வைப்பேன். நடத்தல் என்பது எனக்கு இதுவே. தாரின் சூடும் முள்ளும் கண்ணாடித் துண்டும் கையைக் கிழிக்காதிருக்க, இரண்டு ரப்பர் செருப்புகளைக் கைகளில் மாட்டிக்கொள்வேன். எங்கள் வீட்டில் அதற்குக் கைச்செருப்பு என்று பெயர். அது தேய்ந்தால் என் மனைவி கடைக்குப் போய், "ஒம்போதாம் நம்பருல ஒரு சோடி குடுங்க, கைக்கு" என்பாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் மட்டும் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஓர் உடலைத் தூக்கித் தூக்கி வைத்த தோள்கள், சென்ற ஆண்டு புரட்டாசியில் முறையிடத் தொடங்கின. வலது தோள் முதலில். சட்டை மாட்டும்போது வலித்தது. பின்னர் தரையிலிருந்து வண்டியின் இருக்கைக்கு எழும்பும்போது, யாரோ மூட்டுக்குள் மணலை அள்ளிப் போட்டதைப்போல நறநறத்தது. அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, பயிற்சி தரும் அம்மையாரிடம் அனுப்பினார். அவர் என் கையை மெல்லச் சுழற்றிப் பார்த்தார்.

"ஐயா, மத்தவங்களுக்குத் தோள் போனா தோள் மட்டும்தான் போகும். உங்களுக்கு முழங்கால், பாதம் எல்லாமே இதுதான். இது போச்சுன்னா வண்டியில ஏற முடியாது. கட்டில்லேருந்து எறங்க முடியாது. பாத்ரூமுக்குப் போகக்கூட யாராச்சும் தூக்கணும்."

"என் வூட்டுல தூக்கறதுக்கு ஆள் இல்லம்மா" என்றேன். என் மனைவி சின்ன வெங்காய மண்டியில் நாள் முழுதும் குனிந்து வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்து, முதுகு நிமிராமல் வீடு திரும்புகிறவள். அவளால் ஒரு குடத்தையே இடுப்பில் வைக்க முடியவில்லை.

"அப்ப தினமும் பயிற்சி வேணும். வாரத்துல ஒருநாள் நான் பாக்கறது பத்தாது. உக்காந்தபடியே தோளைச் சுத்தறது, மூச்சோட சேத்து கையை ஒசத்தறது, முதுகை ரெண்டு பக்கமும் திருப்பறது, யோகாவுல இதெல்லாம் நெறைய இருக்குங்க. பக்கத்துல வகுப்பு நடந்தா சேந்துக்குங்க. ஒண்ணு மட்டும் கேளுங்க. தேவையில்லாம உடம்பத் தூக்காதீங்க."

ஆக, நான் யோகா தேடிப் போனது மன அமைதிக்காக அன்று; ஆயுள் நீளவும் அன்று. கழிப்பறைக்கு நானாகப் போய் வரவேண்டும், அவ்வளவே. இதை மனதில் கொண்டு மேலே படிக்குமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் செய்தியைச் சொன்னபோது, மனைவி வெங்காயச் சருகைத் தலையிலிருந்து தட்டியபடி கேட்டாள்: "ஆசனம் ஆசனம்ங்கறீங்களே, அன்னிக்கு மூலத்துக்குக் காட்டப் போனப்ப அந்த டாக்டரு சொன்னாரே, அந்த எடமா?"

"அது ஆசனவாய். இது வேற. ஆசனம்னா இருக்கை. உக்கார்ற எடம்" என்று அகராதியை எடுத்துக் காட்டினேன்.

"உக்கார்றதுக்கா ஒரு கிளாசு? நீங்கதான் பொறந்ததுலேருந்து உக்காந்தே இருக்கீங்களே. நீங்க போயி அவங்களுக்குச் சொல்லிக் குடுங்க."

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு திருமண மண்டபம் இருக்கிறது. முகூர்த்தம் இல்லாத நாள்களில் காலை வேளையில் அங்கே இலவசமாக யோகா கற்றுத்தருவதாகச் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். "அனைவரும் வருக" என்று அதில் பெரிய எழுத்தில் இருந்தது. மனைவி மண்டிக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னுடன் வந்தாள். வாசலில் வண்டியிலிருந்து இறங்கி, கைச்செருப்பை மாட்டினேன். மண்டபத்து வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"இன்னிக்குப் பந்தி இல்ல பெரியவரே. ஞாயித்துக்கெழம முகூர்த்தம், அன்னிக்கு வாங்க. மிச்சம் மீதி இருக்கும்."

வெள்ளை வேட்டியும் வெளுத்துத் தேய்த்த சட்டையும் அணிந்திருந்தேன். பையில் இரண்டு பேனா இருந்தது. அவர் கண்ணுக்கு அவை படவில்லை; தரையில் இருந்த கை மட்டுமே பட்டது. நான் வாய் திறக்குமுன் என் மனைவி திறந்தாள்.

"அவரு சோத்துக்கு வரலய்யா, யோகாவுக்கு வந்திருக்காரு. கண்ணுல என்ன, போன கல்யாணத்துச் சாம்பாரா?"

வாட்ச்மேன் வெட்கப்பட்டார். பின்பு தயங்கி, "யோகா மேலங்க. மாடியில" என்று படிக்கட்டைக் காட்டினார்.

எங்கள் பக்கத்து மண்டபங்கள் பெரும்பாலும் அப்படித்தான் கட்டப்படுகின்றன. தாலி கட்டும் கூடம் மேலே. சாப்பிடும் கூடம் கீழே. கீழ்க்கூடத்தின் கதவு திறந்தே இருந்தது. நீண்ட மேசைகளும் பெஞ்சுகளும் வரிசையாக, ஆளில்லாமல், விளக்கில்லாமல் கிடந்தன. அதைக் கடந்து படிக்கட்டுக்குப் போனேன்.

படிக்கட்டு ஏறும் முறையைச் சொல்ல வேண்டும். முதுகைப் படிக்குக் காட்டி அமர்ந்து, இரு கைகளையும் அடுத்த படியில் பின்புறமாக ஊன்றி, உடம்பு முழுவதையும் தூக்கி மேலே வைக்க வேண்டும். கீழே தெரியும் வாசல் சிறிது சிறிதாகச் சின்னதாகும். மேலே என்ன இருக்கிறது என்பது ஏறி முடித்த பிறகுதான் தெரியும். இருபத்திரண்டு படிகள். அதாவது, எதைச் செய்யாதே என்று அந்த அம்மையார் சொன்னாரோ, அதை இருபத்திரண்டு முறை செய்து, அதைச் செய்யாமலிருக்கக் கற்றுக்கொள்ளப் போனேன்.

மேலே வாசலில் ஒரு பலகை: "காலணிகளை வெளியே விடவும்." மாஸ்டர் என்று எல்லோரும் அழைத்த ஆசிரியர், நாற்பது வயது மதிக்கத்தக்கவர், வெள்ளுடையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கைகூப்பினார். பிறகு என் கைகளைப் பார்த்தார்.

"ஐயா, செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க. இது கோயில் மாதிரி."

"காலணின்னுதானே போட்டிருக்கீங்க மாஸ்டர். என் கால்ல ஒண்ணும் இல்லீங்களே."

உள்ளே சிலர் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. "பேச்சு வேணாங்க ஐயா. சுத்தம் முக்கியம்" என்றார். கழற்றினேன். உடனே ஒருவர் ஈரத்துணி கொண்டுவந்து, கையைத் துடைத்துக்கொள்ளச் சொன்னார். அங்கே கூடியிருந்தவர்களில் யாருக்கும் பாதத்தைத் துடைக்க ஈரத்துணி தரப்படவில்லை என்பதைக் கவனித்தேன். துடைத்தேன். என் மனைவி கைச்செருப்பை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்தாள். கதவோரத்தில், எல்லோருக்கும் பின்னால் என் பாய் விரிக்கப்பட்டது.

"எல்லாரும் சம்மணம் போட்டு, முதுகெலும்பு நேரா…" என்று வகுப்பு தொடங்கியது. என் கால்கள் சம்மணத்துக்கு மடங்குபவை அல்ல. நான் வைத்த பக்கம் கிடப்பவை. கையை உயர்த்தினால் உடல் ஒருபுறம் சாய்ந்தது. சாய்ந்தால் கை ஊன்ற வேண்டும். ஊன்றினால் உயர்த்த முடியாது. நான் தடுமாறுவதைக் கண்டு மாஸ்டர் அருகில் வந்து குனிந்தார். அவர் குரலில் உண்மையான கனிவு இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

"உங்களால முடியாததை எல்லாம் மனசால செய்யுங்க ஐயா. கண்ண மூடிக்கிட்டு, செய்யற மாதிரி நெனைங்க. எண்ணம்தான் முக்கியம்."

பசியோடு வந்தவனிடம் சோற்றை மனதால் உண் என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்வதில்லை. ஆனால் ஒரு மணி நேரம் நான் அந்தக் கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு, மனதால் சூரியனை வணங்கினேன், மனதால் குனிந்தேன், மனதால் ஒற்றைக் காலில் நின்றேன். என் தோள் மட்டும் மனதால் வலிக்க மறுத்தது, உண்மையாகவே வலித்தது.

வகுப்பு முடியும் தறுவாயில் மாஸ்டர் ஓர் அரிய ஆசனத்தைச் செய்து காட்டப்போவதாகச் சொன்னார். தாமரைபோல் காலை மடக்கி அமர்ந்து, இரு உள்ளங்கைகளையும் இருபுறமும் ஊன்றி, உடல் முழுவதையும் தரையிலிருந்து தூக்கினார். அதன் வடமொழிப் பெயருக்குத் தராசு என்று பொருளாம். பத்து எண்ணும்வரை அந்தரத்தில் நின்றார். கைகள் நடுங்கின, முகம் சிவந்தது. இறங்கியதும் கூடமே கைதட்டியது.

வாசலிலிருந்து என் மனைவியின் சிரிப்பு கேட்டது.

"இந்தக் கூத்தப் பாருங்களேன்! இத இவரு அறுவது வருசமா பண்றாரு, கக்கூசுக்குப் போயிட்டு வர. ஒருத்தரும் கைதட்டலயே!"

நானும் சிரித்தேன். சிரித்தபின் கோபம் வந்தது. ஊர்த் தெருவில் நான் இடுப்பைத் தூக்கி வைத்தால் அதற்கு நொண்டி என்று பெயர். மாடியில் ஒருவர் பாய் விரித்துத் தூக்கினால் அதற்குச் சாதனை என்று பெயர். அந்த ஒரு செயலே என் தோளைத் தின்றுகொண்டிருக்கிறது என்பது மட்டும் கைதட்டிய எவருக்கும் தெரியாது.

எல்லோரும் கலைந்தபின் மாஸ்டரிடம் இரண்டு வேண்டுகோள் வைத்தேன். வகுப்பைக் கீழே, காலியாகக் கிடக்கும் பந்திக் கூடத்தில் நடத்தலாமா? எனக்குச் சாய்மானம் உள்ள ஒரு நாற்காலி போடலாமா?

"பந்தி ஹால்லயா? எச்சில் விழுற எடம் ஐயா அது. அங்க உக்காந்து எப்படித் தியானம் பண்றது? அப்புறம் நாற்காலி போட்டா அது ஆசனமே இல்ல. டிரில் மாதிரி ஆயிடும்."

"மாஸ்டர், ஆசனம்னாலே இருக்கைன்னுதான் அர்த்தம். வேணும்னா அகராதி கொண்டாரேன்."

"நீங்க நல்லாப் பேசறீங்க" என்றார் அவர். எங்கள் ஊரில் அதற்குப் பொருள், உரையாடல் முடிந்தது என்பதாகும்.

மறுநாளும் ஏறினேன். வேறு வகுப்பு இல்லை, வேறு வழியும் இல்லை. பயிற்சியில் ஏதேனும் ஒன்று என் உடலுக்குப் பொருந்திவிடும் என்று நம்பினேன். மூன்றாம் நாள் பதினான்காவது படியில் வலது தோளுக்குள் காய்ந்த குச்சி முறிவதுபோல ஓர் ஓசை கேட்டது. எனக்கு மட்டுமன்று, இரண்டு படி கீழே பாயோடு வந்த என் மனைவிக்கும் கேட்டது. "போதும். எறங்குங்க" என்றாள். இறங்கினேன். அதன்பின் அந்தப் படியை நான் ஏறவில்லை.

வண்டியில் ஏறுவதற்கு இடது கையையே நம்ப வேண்டியதாயிற்று. மனைவி என் வேட்டி மடிப்பை இடுப்போடு பிடித்து இழுத்து உதவினாள். ஒவ்வொரு முறையும் தன் முதுகைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். இனிமேல் இவளுக்கு நான் ஒரு மூட்டை என்ற எண்ணம் வந்த நாள்களில், ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எனக்காக ஒரு மனு எழுத முயன்றேன். அனுப்புநர் எழுதினேன். பொருள் எழுதினேன். மேலே செல்லவில்லை. என் தொழிலில், கோரிக்கை ஒரே வரியில் அடங்காவிட்டால் அந்த மனு பயனற்றது. வந்தவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, "சரி, என்ன வேணும்? ஒரே வரியில சொல்லுங்க" என்று கேட்பது என் வழக்கம். அந்த ஒரு வரி எனக்கே கிடைக்கவில்லை.

ஆனி மாதம் மாஸ்டர் எங்கள் வீடு தேடி வந்தார். யோகா தினத்தன்று அரியலூரில் ஒரு மைதானத்தில் இரண்டு மாவட்டத்தாரும் கூடும் விழா ஒன்றை அவர்கள் நடத்துவதாகச் சொன்னார்.

"மேடையில ஒரு நிமிசம், நீங்க தினமும் செய்யற மாதிரி கையை ஊனி உடம்பத் தூக்கிக் காட்டுனாப் போதுங்க ஐயா. பாக்கற பசங்களுக்கெல்லாம் ஒரு ஊக்கமா இருக்கும். சால்வ போடுவோம், கேடயம் குடுப்போம்."

"தோளு போயிருச்சுன்னா அந்தக் கேடயத்துல வச்சு இவரத் தூக்குவீங்களா?" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்தே.

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "பெரிய ஆளுங்க எல்லாம் வராங்க. உங்களப் பாத்தாங்கன்னா, அந்தக் கீழ் ஹால் விசயத்த நான் பேச வசதியா இருக்கும்."

நான் உடன்பட்டேன். மருத்துவமனை அம்மையாரின் சொல் நினைவில் இருந்தும் உடன்பட்டேன். மிச்சமிருந்த தோளைக் கொடுத்து ஒரு நாற்காலியை வாங்கிவிடலாம் என்று கணக்கிட்டேன். பிறர் மீது கோபம் கொள்ளும் இந்தக் கட்டுரையில், இந்த ஓரிடத்தில் என் மீதும் எனக்குக் கோபம் உண்டு.

சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து எங்கள் வேன் அரியலூர் சேர்ந்தபோது, மைதானத்தில் பள்ளிப் பிள்ளைகள் பாய் விரித்து அமர்ந்திருந்தார்கள். மேடைக்கு ஐந்து படிகள், சாய்தளம் இல்லை. மேடைக்கு எதிரே முன்வரிசையில் துண்டு போர்த்திய மெத்தை நாற்காலிகள், விருந்தினருக்காக. என்னை மேடையோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்த்தி, கூப்பிடும்வரை இருக்கச் சொன்னார்கள். மனைவி அருகில் நின்றாள்.

விருந்தினர்கள் வந்தார்கள். வயதானவர்கள், வயிறு பெருத்தவர்கள், முழங்கால் வலியால் கைத்தடி ஊன்றியவர்கள். மாஸ்டர் மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்து, "எல்லாரும் சம்மணம் போட்டு" என்று தொடங்கினார். பிறகு முன்வரிசையைப் பார்த்துக் குழைந்தார்.

"பெரியவங்க எல்லாம் நாற்காலியிலேயே இருங்க. எறங்க வேணாம். நாற்காலியில உக்காந்தே எல்லாம் செய்யலாம், நான் சொல்லித்தரேன். பாதத்தத் தரையில வச்சுக்குங்க. முதுகு சாயாம. மூச்ச இழுத்துக்கிட்டே தோளைக் காதுக்குக் கொண்டாங்க… பின்னால சுத்தி, மூச்ச விட்டுட்டே எறக்குங்க. இப்ப நாற்காலியோட முதுகப் பிடிச்சுக்கிட்டு எடது பக்கம் திரும்புங்க…"

அவருக்குத் தெரிந்திருந்தது. தோளைச் சுழற்றுவது, மூச்சோடு கையை உயர்த்துவது, முதுகைத் திருப்புவது. மருத்துவமனை அம்மையார் பட்டியல் சொன்னதைப்போல ஒன்றொன்றாக, நாற்காலிக்கென்றே, பிசகாமல் அவர் கற்றுக்கொடுத்தார். தெரியாமையை நான் மன்னித்திருப்பேன். புரட்டாசி முதல் ஆனி வரை ஒன்பது மாதங்கள், இந்த அறிவு என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மனிதரின் தலைக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. விருந்தினர் நாற்காலியில் செய்தால் அது யோகா. நான் நாற்காலி கேட்டபோது அது டிரில்.

"பாத்தீங்களா?" என்றாள் மனைவி, பல்லைக் கடித்தபடி. "பாத்தேன்" என்றேன்.

என் பெயரை அழைத்தார்கள். நான்கு தொண்டர்கள் ஓடி வந்து, உற்சவரைத் தோளில் ஏற்ற வருகிறவர்களைப்போல நாற்காலியின் நான்கு காலையும் பிடித்தார்கள்.

"தொடாதீங்க" என்றேன். கையை எடுத்தார்கள்.

மாஸ்டர் ஒலிவாங்கியோடு படியிறங்கி வந்தார். "நம்ம ஐயா கூச்சப்படறாரு…" என்று கூட்டத்துக்குச் சொல்லிவிட்டு என் பக்கம் குனிந்தார். ஒலிவாங்கி என் வாயருகே இருந்தது.

"கூச்சம் இல்லீங்க மாஸ்டர். இப்ப முன்வரிசைக்குச் சொல்லிக்கொடுத்தீங்களே, தோள் சுத்தறது. அத எனக்குச் சொல்லிக்கொடுங்க. இங்கயே. நானும் நாற்காலியிலதான் இருக்கேன்."

மைதானம் முழுவதும் அது கேட்டது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையில் கைத்தடி வைத்திருந்த ஒரு முதியவர், "சொல்லிக்கொடுங்களேன் தம்பி, அதுக்கென்ன?" என்றார்.

"புரோகிராம் லேட்டாகுதுங்க ஐயா, அப்புறம் பாக்கலாம்" என்று மாஸ்டர் ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டார். யாரோ பாட்டைப் போட்டார்கள். ஒரு சால்வை என் கழுத்தைச் சுற்றி இறுக்கமாக வந்து விழுந்தது. கேடயத்தை மனைவியின் கையில் திணித்தார்கள்.

அந்தப் பாட்டின் சத்தத்திலேயே எனக்கு என் ஒரு வரி கிடைத்தது. பையிலிருந்து தாளை எடுத்து, கேடயத்தின் முதுகை அட்டையாக வைத்து எழுதினேன்: "விருந்தினருக்கு இட்ட நாற்காலியை, கீழ்த்தளத்தில், எங்களுக்கும் இடுமாறு கோருகிறேன்." பணிவுடன் என்ற சொல்லை எழுதவில்லை. திரும்பும் வேனில் இன்னொரு தாளில் நகலும் எழுதி, மாஸ்டரிடம் அதைக் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று நகலில் கையொப்பம் கேட்டேன். அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கையொப்பமிட்டார்.

இரண்டு வாரம் கழித்து வாட்ச்மேன் தொலைபேசியில் அழைத்தார்.

"மனுக்காரரே, பந்தி ஹால கழுவி வுட்டிருக்கேன். நாளைலேருந்து கீழதான் கிளாசு. பெஞ்சு, சேரு எல்லாம் போட்டாச்சு. வந்துருங்க."

என் மனு வென்றது என்று மகிழ்ந்துதான் போனேன். போன பின்புதான் காரணம் தெரிந்தது. மைதானத்தில் எனக்காகப் பேசிய அந்தக் கைத்தடி முதியவர் மண்டபத்து உரிமையாளருக்கு உறவினர். நாற்காலிப் பயிற்சி அவருடைய முழங்காலுக்கு இதமாக இருந்திருக்கிறது. தொடர்ந்து கற்க விரும்பினார். மாடி ஏற முடியாது என்றார். ஒரே நாளில் எச்சில் கூடம் தியானக் கூடம் ஆகிவிட்டது. அவர் நல்லவர், அவர் மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் என் தோளுக்குத் திறக்காத கதவு அவர் முழங்காலுக்குத் திறந்தது என்பதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

இப்போது வாரம் ஐந்து நாள் அங்கே போகிறேன். கைச்செருப்பைக் கழற்றச் சொல்வதில்லை. அந்த முதியவரோடு இன்னும் மூவர், என்னோடு ஒரு கண் தெரியாத அம்மாள் என்று சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே தோளைச் சுழற்றுகிறோம், திரும்புகிறோம், மூச்சு விடுகிறோம். பயிற்சி நல்ல பயிற்சி. இடது தோளிலும் தொடங்கியிருந்த நறநறப்பு நின்றுவிட்டது. இடது கையால் ஊன்றி, ஒரு பலகையைப் பாலமாக வைத்து வழுக்கி, கட்டிலிலிருந்து வண்டிக்கு நானாகவே மாறுகிறேன். கழிப்பறைக்கும் அப்படியே. மனைவியின் முதுகுக்கு அந்த அளவில் விடுதலை.

வலது கை காதுக்கு மேலே உயர்வதில்லை.

சென்ற வாரம் மருத்துவமனைக்குப் போனபோது அந்த அம்மையார் இரு கைகளையும் உயர்த்தச் சொல்லிப் பார்த்தார். இடது கையைப் பாராட்டினார். வலது கையை நெடுநேரம் பிடித்திருந்தார்.

"உள்ள தசை கிழிஞ்சு பழசாயிடுச்சுங்க ஐயா. இனிமே இவ்வளவுதான் வரும். இந்தப் பயிற்சிய மட்டும் போன வருசம் நான் சொன்னப்பவே ஆரம்பிச்சிருந்தீங்கன்னா…"

"ஆரம்பிச்சேம்மா. நீங்க சொன்ன வாரமே போனேன்."

வெளியே வரிசை நீண்டிருந்தது. அவர் என் சீட்டில், வலது கையால் உடலைத் தூக்கக் கூடாது என்று எழுதினார். அதற்குக் கீழே, காயம் ஏற்பட்ட காரணம் என்று அச்சிட்டிருந்த இடத்தைக் காலியாக விட்டு என்னிடம் நீட்டினார். எந்தத் தாளிலும் காலியிடம் விட்டு எழுந்து போக என் தொழில் என்னை விட்டதில்லை. பேனாவை இடது கையில் எடுத்தேன். வலது கையால் எழுதினால் வலி தோள்வரை ஏறுவதால், இடது கையால் எழுத இப்போதுதான் பழகிவருகிறேன். எழுத்து கோணலாக வந்தது. ஆயினும் படிக்கும்படியாகவே எழுதினேன்: யோகா வகுப்பு, மாடியில்.